வளர்த்த நாயை யாரிடம் விடுவது? காப்பகம், புதிய வீடு, விடுதி: ஓர் ஒப்பீடு

வீடு மாறுகிறார்கள், வெளிநாடு போகிறார்கள், குழந்தை பிறக்கப்போகிறது, நாயைப் பார்த்துக்கொண்ட பெரியவர் காலமாகிவிட்டார். இனி வைத்துக்கொள்ள முடியாது என்று தீர்மானித்தவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்ல ஷெல்டர் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்." சென்னைக்கு வெளியே ஒரு காப்பகத்தில் விடுமுறை நாட்களில் உதவிக்குப் போகிறவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான வளர்ப்பு நாய்க்குக் காப்பகம் கடைசிக்கு முந்தைய வழி. அதற்கும் கீழே இருப்பது தெரு மட்டும்தான்.

காப்பகம் நடத்துகிறவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் இந்த ஊரில் அடிபட்ட நாய்க்கு நாதியே கிடையாது. ஆனால் அந்த இடம் எதற்காக இருக்கிறது என்பது ஒன்று, நாயை ஒப்படைக்க வருகிறவர் மனத்தில் வைத்திருக்கும் படம் வேறொன்று.

காப்பகத்தின் உள்ளே

1959இல் சென்னையில் கேப்டன் சுந்தரம் குடும்பத்தார் தொடங்கிய புளூ கிராஸ் ஆகட்டும், பிறகு ஊருக்கு ஊர் வந்த சிறு அமைப்புகள் ஆகட்டும், அவற்றின் முதல் வேலை தெருவில் கிடக்கும் பிராணிகளுக்கு வைத்தியமும் கருத்தடையும்தான். மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், கொல்வதை விட்டுக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று பல ஆண்டுகள் வாதாடி, 1996இல் சென்னையில் அதைத் தொடங்க வைத்தார்கள். ஆக, இங்கே காப்பகம் என்பது அடிப்படையில் ஓர் இலவச மருத்துவமனை. உள்ளே இருப்பவை லாரியில் அடிபட்டு இடுப்பு விழுந்தவை, சொறியில் முடி கொட்டியவை, காதுப் புண்ணில் புழு வைத்தவை, நரம்பைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து தலை வெட்டி வெட்டி இழுப்பவை, யாரோ அட்டைப்பெட்டியில் வைத்து வாசலில் விட்டுப்போன குட்டிகள். இவற்றுக்கு நடுவில்தான் உங்கள் லேப்ரடார் ஊசி அட்டையோடு வந்து இறங்கப்போகிறது.

தொலைபேசியில் கேட்டால் பெரும்பாலான இடங்களில் முதல் பதில் மறுப்பாகத்தான் இருக்கும். மனிதாபிமானமே இல்லையா என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. மறுப்பவர் கணக்கு எளிமையானது: நல்ல நிலையில் இருக்கும் ஒரு நாய்க்குக் கொடுக்கும் கூண்டு, இன்று மாலை அடிபட்டு வரப்போகும் ஒரு நாய்க்கு இல்லாமல் போகும். வற்புறுத்தினால், அல்லது கதை உண்மையிலேயே நெருக்கடியாக இருந்தால், வாங்கிக்கொள்வார்கள். ஒரு படிவம் தருவார்கள். அதில் நாயின் பெயர், வயது, போட்ட ஊசிகள், யாரையாவது கடித்திருக்கிறதா என்ற கேள்வி எல்லாம் இருக்கும். கையெழுத்துக்கு மேலே உள்ள வரியைப் பலர் படிப்பதே இல்லை. இந்தப் பிராணியின் மேல் எனக்கு இனி எந்த உரிமையும் இல்லை என்பதுதான் அந்த வரி. ஆறு மாதம் கழித்து மனம் மாறித் திரும்பி வந்தால் நாயைத் தர வேண்டிய கடமை காப்பகத்துக்குக் கிடையாது. அது யாரிடம் போனது என்று சொல்ல வேண்டியதும் இல்லை.

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் ஒப்படைத்தவர் பார்ப்பதில்லை. முறையாக நடக்கும் இடமாக இருந்தால் புது நாயைப் பத்துப் பதினான்கு நாள் தனியாக வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு இடமிருக்கிற காப்பகங்கள் குறைவு. வீட்டு நாயிடம் முதல் நாள் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். அது சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்கும். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கக் கூடாது என்று குட்டியிலிருந்து பழக்கியிருப்பார்கள். யாராவது சங்கிலியை எடுத்து வெளியே அழைத்துப் போவார்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டே நிற்கும். அழைத்துப் போக ஆள் கிடையாது. ஐம்பது அறுபது நாய்களுக்கு இரண்டு பேர் சோறு வைத்து, ஃபினாயில் ஊற்றிக் கழுவி, மருந்து கொடுத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். முடியாத கட்டத்தில் கூண்டின் மூலையில் போய்விட்டு, எதிர் மூலைக்கு நகர்ந்து சுவரோடு ஒட்டிப் படுக்கும். சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருக்கும். வீட்டில் தயிர்ச்சோறு, முட்டை என்று பழகிய நாய், மஞ்சள் போட்டு வேகவைத்த கோழிக்கழிவுச் சோற்றை ஓரிரு நாள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வது சாதாரணம். காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் மிக அதிகமாக இருப்பதை ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன. அளவெடுக்காமலே அங்கு வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியும்.

மன அழுத்தத்தில் நோய் எதிர்ப்பு குறையும். பக்கத்துக் கூண்டில் இருமல், எதிரில் வயிற்றுப்போக்கு. வயிற்றுப்போக்கு நோயைத் தரும் பார்வோ என்ற கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்கும் பல கிருமிநாசினிகளுக்கும் அசையாது. தடுப்பூசியை ஓராண்டு தள்ளிப்போட்ட நாய், பாதி ஊசியோடு வந்த குட்டி இவற்றுக்குத்தான் ஆபத்து அதிகம். ஊசி சரியாகப் போட்டிருந்தாலும் உண்ணிக் காய்ச்சலுக்கு அந்த ஊசிகள் காவல் இல்லை. இதற்கும் தப்பினால் சாப்பாட்டு நேரச் சண்டை இருக்கிறது. தனிக்கூண்டு கிடைக்காமல் கூட்டத்தோடு விடப்பட்ட பக் வகை நாய் ஒன்றின் கண் அப்படியொரு சண்டையில் பிதுங்கி வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த இனத்துக்குக் கண்குழி ஆழமில்லாததால் சின்ன இழுபறியே போதும்.

தத்து போகுமா என்றால், சில போகும். குட்டிகள் போகும். இளம் வயது லேப்ரடார், ஷிட்சு போகும். ஐந்து வயதுக்கு மேற்பட்டவை, நாட்டு நாய்கள், "ஒருமுறை கடித்தது" என்று படிவத்தில் எழுதப்பட்டவை அங்கேயே தங்கிவிடும். ராட்வீலர் போன்ற பெரிய இனங்களுக்கு இப்போது கேட்பாரே இல்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இன நாய்களுக்குத் தடை விதிக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. ஆனால் அதே ஆண்டு மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகு, நீதிமன்றம் என்ன சொன்னால் என்ன, மக்கள் மனத்தில் தடை விழுந்துவிட்டது.

அமெரிக்க ஷெல்டரும் நம் ஷெல்டரும்

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சொல்லும் ஷெல்டரை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே தேடுகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு. அங்கே யார் கொண்டுவந்தாலும் மறுக்காத அரசுக் காப்பகம் ஒரு வகை. இடமிருந்தால் மட்டும் வாங்கும் தனியார் காப்பகம் இன்னொரு வகை. மறுக்காத இடத்தில் இடம் நிறைந்தால் கடைசி வழி கருணைக்கொலை ஊசிதான். தெருவில் பிடிபட்ட நாய்க்கு உரிமையாளர் தேடி வரக்கூடும் என்று சில நாட்கள் கட்டாயக் காத்திருப்பு உண்டு. உரிமையாளரே கையெழுத்துப் போட்டு ஒப்படைத்த நாய்க்குப் பல இடங்களில் அந்தக் காத்திருப்பும் இல்லை. தேடி வர யாரும் இல்லை என்று அந்தக் கையெழுத்தே சொல்லிவிடுகிறது அல்லவா. ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற அமெரிக்க விலங்குவதைத் தடுப்பு அமைப்பின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அந்நாட்டுக் காப்பகங்களுக்கு வந்த நாய், பூனைகள் சுமார் 63 லட்சம்; கருணைக்கொலை செய்யப்பட்டவை சுமார் 9,20,000. முந்தைய ஆண்டுகளை நினைத்தால் இது பெரிதும் குறைந்த எண்ணிக்கை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இடமில்லை என்பதற்காக நாயைக் கொல்வதற்கு 2001ஆம் ஆண்டின் கருத்தடை விதிகளிலும் வழியில்லை, அவற்றுக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டு விதிகளிலும் வழியில்லை. குணமாகாத நோய், பிழைக்க முடியாத காயம் என்றால் மட்டுமே கருணைக்கொலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விளைவு என்னவென்றால், இங்கே காப்பகம் நிறையும், காலியாகாது. அங்கே ஒப்படைத்த நாயின் கதி சில வாரங்களில் ஏதோ ஒரு பக்கம் முடிந்துவிடும். இங்கே எட்டு ஆண்டுகள் ஒரே கூண்டில் போகலாம். போதாக்குறைக்கு 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களின் தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது. இருக்கிற கொஞ்ச இடத்துக்கும் போட்டி கூடிவிட்டது. வளர்ப்பு நாய்க்கு வரிசையில் எந்த இடம் கிடைக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வைத்துக்கொள்ளவே முடியாதா?

நாயை விட வேண்டியிருக்கிறது என்று வருகிறவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி, தீர்க்கக்கூடியவை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

குடியிருப்போர் சங்கம் ஆட்சேபிக்கிறது என்பார்கள். வளர்ப்புப் பிராணிகளைச் சங்கம் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதன் நகலைச் செயலாளர் கையில் கொடுத்த உடனே பேச்சின் தொனி மாறுவதுண்டு. வாடகை ஒப்பந்தத்தில் நாய் வளர்க்க மாட்டேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், பூனை கூடாது என்பார்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தின் வழியே பரவக்கூடியது, உண்மைதான். ஆனால் வெளியேறிய முட்டைகள் தொற்றும் நிலைக்கு வரவே ஒரு நாளாவது ஆகும். வீட்டில் வேறு ஒருவர் தினமும் மணல் தட்டைச் சுத்தம் செய்துவிட்டால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் கழுவாத காய்கறியிலிருந்தும் அது வருவதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். அதற்காக யாரும் கறிக்கடையை மூடச் சொல்வதில்லை. மகப்பேறு மருத்துவரிடம் நேராகக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது, மாமியார் வீட்டிலிருந்து வரும் செய்தியை வைத்து வேண்டாம்.

வைத்தியச் செலவு தாங்கவில்லை என்பவர்களுக்கு: சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. தனியார் கிளினிக்கில் ஆகும் தொகையின் சிறு பகுதியில் அங்கே அறுவைச் சிகிச்சை வரை முடியும். காத்திருக்க வேண்டும், காலையில் சீக்கிரம் போய் டோக்கன் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளிநாடு போவதுதான் உண்மையிலேயே சிக்கலான காரணம். நாயை உடன் அழைத்துப் போக முடியாது என்று விசாரிக்காமலே முடிவு செய்துவிடுகிறார்கள். முடியும். எந்த நாடு, எத்தனை மாதம் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் 2024 ஆகஸ்ட் விதிகளின்படி இந்தியாவிலிருந்து போகும் நாய்க்குக் குறைந்தது ஆறு மாத வயது, தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று, அங்கே பதிவுபெற்ற பராமரிப்பு நிலையத்தில் முன்பதிவு இவை வேண்டும். ஊசி வேலை செய்திருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை இல்லாவிட்டால் 28 நாள் தனிமைப்படுத்தல். பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் அந்த ரத்த மாதிரி எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு இங்கிருந்து நேரடியாகவே கொண்டுபோக முடியாது. அவர்கள் ஏற்கும் வேறொரு நாட்டில் வைத்திருந்துதான் போக வேண்டும். விசா கையில் வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே மைக்ரோசிப்பும் தடுப்பூசியும் போட்டு வைத்தால், போகாவிட்டாலும் நஷ்டம் இல்லை. விமானச் செலவு லட்சத்தைத் தாண்டலாம். அது முடியாது என்றால் முடியாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த வழிக்குப் போகலாம்.

நீங்களே வீடு தேடுவது

என்னைக் கேட்டால் இதுதான் முதல் வழி. காப்பகம் செய்யப்போவதும் உங்கள் நாய்க்கு வீடு தேடுவதுதான். உங்களுக்கு அந்த நாயை ஐந்து ஆண்டுகளாகத் தெரியும், அவர்களுக்கு ஐந்து நாளாகத்தான் தெரியும். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போகும், குழந்தைகளோடு பழகும், பூனையைக் கண்டால் நிற்காது என்பதெல்லாம் நீங்கள் சொன்னால்தான் உண்டு. உங்கள் வீட்டு சோபாவில் படுத்திருக்கும் படத்தைப் பார்த்து வருகிறவர்களும், கம்பிக்குப் பின்னால் குரைக்கும் படத்தைப் பார்த்து வருகிறவர்களும் ஒன்றல்ல. எல்லாவற்றுக்கும் மேல், சரியான ஆள் கிடைக்கும்வரை நாய் தன் இடத்திலேயே இருக்கும்.

இதன் விலை நேரம். நன்றாகத் தேட ஒன்றிரண்டு மாதமாவது ஆகும். "அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள், இலவசம்" என்று படம் போட்டால் வரும் அழைப்புகளில் குட்டி போட வைத்து விற்கிறவர்களும் இருப்பார்கள். கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் அவர்கள் முதல் மணி நேரத்திலேயே கூப்பிடுவார்கள், எல்லாக் கேள்விக்கும் சம்மதம் சொல்வார்கள். காப்பகத்துக்கு வரும் இன நாய்களில் சிலவற்றைப் பார்த்தாலே புரியும்: மார்பு தொங்கிப்போய், பல் கொட்டி, நான்கைந்து பிரசவம் முடிந்து, இனி பயனில்லை என்று இறக்கிவிடப்பட்டவை. ஆகவே விளம்பரத்துக்கு முன்னால் கருத்தடை. ஆணோ பெண்ணோ, விதிவிலக்கில்லாமல். அந்த ஒரு வேலையே தவறான ஆட்களில் பெரும்பகுதியை வடிகட்டிவிடும்.

கேட்கிறவர் வீட்டுக்கு ஒருமுறை நாயோடு போய் வாருங்கள். பால்கனியில் கட்டிப்போட ஏற்கெனவே ஒரு கொக்கி இருக்கிறதா, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, பகலில் யார் இருக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொள்ளலாம். கல்லூரி விடுதி மாணவர்களும், பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கேட்கும் பெற்றோரும் மனத்தில் நல்லவர்கள்தான், ஆனால் ஓராண்டில் அதே நாய் மறுபடி வெளியே வரும். கடித்திருந்தால் கடித்தது என்று சொல்லிவிட வேண்டும். மறைத்துக் கொடுத்தால் புதிய வீட்டில் ஒரு குழந்தை அதை அறிந்துகொள்ளும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, ஒத்துவராவிட்டால் திரும்ப என்னிடமே தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது நல்லது. முதல் சில நாட்கள் நாய் சாப்பிடாமல் ஒதுங்கி இருக்கும், பழகிப் போக மூன்று மாதம்கூட ஆகலாம் என்று முன்கூட்டியே சொன்னால், முதல் வாரத்திலேயே பயந்துபோய்த் திருப்பிக் கொடுக்க வருவது குறையும்.

ஊர், பண்ணை வீடு

தமிழ்நாட்டில் நாயைக் கொடுக்க நினைப்பவர் எல்லோருக்கும் ஒரு பண்ணை வீடு கிடைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ, செங்கல்பட்டுப் பக்கமோ, நண்பரின் நண்பருக்கு மூன்று ஏக்கர், மாந்தோப்பு. "ஓடி ஆடிக்கொண்டு சந்தோஷமாக இருக்கும்." இந்த வாக்கியத்தை நான் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. உரிமையாளர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் காவலாளி. அவருக்கு நாய்ச்சோற்றுக்கென்று கொடுக்கும் பணம் அவர் சம்பளத்தோடு சேர்ந்தது. இரவில் குரைக்க வேண்டும் என்பதற்காகப் பகலில் சங்கிலி. மாடிக் குடியிருப்பில் வளர்ந்த நாய்க்குப் பாம்பு தெரியாது, கம்பிவேலி தெரியாது, பக்கத்துத் தோட்டத்தில் பன்றிக்கு வைத்த வெடி தெரியாது. உண்ணி மட்டும் அதைத் தெரிந்துகொள்ளும்.

விதிவிலக்கு உண்டு. அங்கேயே குடும்பத்தோடு வசிக்கும் விவசாயி வீடு, ஊரில் தாத்தா பாட்டி இருக்கும் வீடு, நாய் ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கோம்பையோ என்றால் மாடிக் குடியிருப்பைவிட அந்த இடம் மேல். சிப்பிப்பாறை வேட்டைக்கு ஓடப் பிறந்த இனம். அதை இரண்டு படுக்கையறை வீட்டில் அடைத்ததுதான் முதல் கோளாறு. நிலத்தின் பரப்பை விடுங்கள். அந்த மண்ணில் தினமும் இரவு தூங்கும் ஆள் யார், அவருக்கு நாய் பிடிக்குமா என்று மட்டும் கேளுங்கள்.

விடுதியும் ஃபாஸ்டரும்

காரணம் தற்காலிகமானது என்றால் நாயைக் கொடுப்பதே தவறான முடிவு. மூன்று மாத வெளியூர் வேலை, அறுவைச் சிகிச்சை, வீடு கட்டும் காலம், விவாகரத்து வழக்கு: இவை முடியும். நாய் விடுதிகள் நாளுக்குச் சில நூறு ரூபாய் முதல் ஆயிரத்துக்கு மேல் வரை வாங்குகின்றன. நீண்ட காலத்துக்குப் பேசினால் குறைப்பார்கள். தன் வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் ஃபாஸ்டர் ஆள் கிடைத்தால் சாப்பாட்டுச் செலவும் வைத்தியச் செலவும் மட்டும் கொடுத்தால் போதும். காப்பகத்தில் சொன்ன, சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்கும் கதை விடுதியிலும் உண்டு. ஆனால் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது.

விடுதியில் விட்டுவிட்டுத் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இப்போது பல இடங்களில் ஆதார் நகலும் முன்பணமும் கேட்கிறார்கள்.

தெரு

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பயமுறுத்த ஒன்றும் இல்லை. பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஆமாம், ரூபாய்தான். சட்டம் எழுதிய காலத்து விலைவாசி இன்னும் அப்படியே நிற்கிறது. ஆகவே அபராதத்தைக் காட்டி யாரையும் நிறுத்த முடியாது.

நிறுத்த வேண்டியது வேறொன்று. தெருவுக்கு ஏற்கெனவே குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் இரவில் இறக்கிவிட்டால் அது யாருடைய எல்லை என்று விடிவதற்குள் அந்தக் கூட்டம் காட்டிவிடும். வீட்டு நாய்க்குச் சாலையைக் கடக்கத் தெரியாது, குப்பையில் எதைத் தின்னலாம் என்று தெரியாது. கார் போன திசையில் ஓடும். அடிபட்டுக் கடைசியில் வந்து சேர்வது காப்பகத்துக்குத்தான், இரண்டு கால் போன பிறகு. மீன் மார்க்கெட்டில் பூனையை விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பதும் இதே ரகம்.

கிளியும் ஆமையும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அதை வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும், சிறகு வெட்டிய பறவையை மொட்டைமாடியில் பறக்கவிட்டால் காக்கைக்குத்தான் விருந்து. கடையில் வாங்கிய சிவப்புக் காது ஆமையைக் கோயில் குளத்தில் விடாதீர்கள். அது வெளிநாட்டு இனம், இருக்கிற நாட்டு ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும்.

காப்பகம்தான் என்று ஆகிவிட்டால்

எல்லாம் முயன்ற பிறகும், அல்லது முயல ஆளே இல்லாத நிலையிலும், காப்பகம் தேவைப்படும். தனியாக வாழ்ந்த ஒருவர் இறந்துபோகிறார், வாரிசு இல்லை, வீட்டுக்காரர் சாவியோடு நிற்கிறார். அந்த நாய்க்குக் காப்பகம்தான் சரியான இடம். அப்படிப்பட்டவற்றுக்கு இடமிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மற்றவர்களை இவ்வளவு தூரம் தடுக்கிறேன்.

மொத்தமாக ஒரு தொகையோ மாதாமாதம் ஒரு தொகையோ வாங்கிக்கொண்டு ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் தனியார் இடங்களும் இருக்கின்றன. நல்லவையும் உண்டு. அவர்கள் சமூக வலைத்தளத்தில் போடும் படங்களைப் பார்த்து முடிவெடுக்காமல், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வார நாள் மதியம் போய் நில்லுங்கள். தண்ணீர்த் தொட்டியில் பாசி இருக்கிறதா, புதிதாக வந்ததைத் தனியே வைக்க இடமிருக்கிறதா, எத்தனை நாய்க்கு எத்தனை ஆள் என்று பாருங்கள். போன மாதம் எத்தனை இறந்தன, எதனால் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்லும் இடம் நம்பத்தக்கது. "இங்கே எதுவும் சாவதில்லை" என்கிற இடத்திலிருந்து நாயோடு திரும்பி வந்துவிடலாம்.

ஒப்படைப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்னதாகவே எல்லாத் தடுப்பூசிகளையும் புதுப்பித்து, கருத்தடை செய்து, உண்ணி மருந்தும் போட்டு முடித்துவிட வேண்டும். ஊசி போட்ட மறுநாளே கொண்டுபோய் விட்டால் அதனால் பயனில்லை, எதிர்ப்பு உருவாக நாளாகும். அட்டையின் நகல் ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். கடந்த பத்து நாட்களுக்குள் யாரையாவது கடித்திருந்தால் ஒப்படைக்கவே கூடாது. வெறிநோய் இல்லை என்று உறுதிப்பட அந்தப் பத்து நாளும் அது கண்காணிப்பில் இருந்தாக வேண்டும். அதன் போர்வையைத் துவைக்காமல் கொடுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் தீனி ஒரு மாதத்துக்கு, முடிந்தால் ஒரு கூண்டின் பராமரிப்புச் செலவு. காப்பகத்திடம் ஒரு கோரிக்கை வைத்துப் பார்க்கலாம்: தத்துக்கான விளம்பரத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆள் கிடைக்கும்வரை நாய் என் வீட்டிலேயே இருக்கட்டும். கூண்டு கேட்காத உரிமையாளரைப் பார்த்துச் சந்தோஷப்படாத காப்பகம் இல்லை.

பத்து வயது தாண்டிய, சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிற, கண் தெரியாத நாயைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் காப்பகத்தைச் சொல்வதே இல்லை. அதைத் தத்து எடுக்க வருகிறவர் அபூர்வம். உறவினர் யாராவது வைத்துக்கொள்வார்களா என்று பாருங்கள். அதுவும் இல்லை, வலியும் தீராது என்று கால்நடை மருத்துவர் சொன்னால், பழகிய வீட்டில், பழகிய மடியில், அவர் கையால் முடித்து வைப்பது முன்பின் தெரியாத கூண்டில் இரண்டு மாதம் கிடந்து போவதைவிடக் கொடுமையானது இல்லை. ஆரோக்கியமான நாய்க்கு இதைக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் மறுத்துவிடுவார், மறுக்கவும் வேண்டும்.

கொடுத்து முடித்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும், பெரும்பாலோர் மறந்துவிடுவது. சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் இப்போது கட்டாயம், இரண்டும் உங்கள் பெயரில்தான் இருக்கும். புதிய வீட்டாரோ காப்பகமோ, யாரிடம் கொடுத்தாலும் அந்தப் பதிவை அவர்கள் பெயருக்கு மாற்றுங்கள், ஒப்படைத்த தேதியோடு ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு அது யாரையாவது கடித்து, சிப்பில் ஸ்கேனரை வைத்துப் பார்த்தால், வருவது உங்கள் தொலைபேசி எண்.